டாப் டான்ஸ்ல அந்த சத்தம் எப்படி வருது?

ஷூவால தரையைத் தட்டித் தாளம் போட்டு ஆடுற டாப் (tap) டான்ஸைப் பாக்குறவங்களுக்கு முதல்ல தோணுறது, இவ்ளோ சத்தம் வரணும்னா காலை ஓங்கி மிதிக்கணும் போலன்னுதான். ஆனா நடக்குறது கிட்டத்தட்ட அதுக்கு நேர் எதிர்.

ஷூவுக்கு அடியில ரெண்டு உலோகத் தகடு இருக்கும், முன்பாதத்துல ஒண்ணு, குதிகால்ல ஒண்ணு, பெரும்பாலும் அலுமினியம். தகடு மரத்தரையில பட்டதும் பலகையும் சேர்ந்து அதிருது, தட்டுன கால் உடனே விலகிடுச்சுன்னா சத்தம் கணீர்னு வரும், அப்படியே அழுத்தி வெச்சா கோயில் மணியை அடிச்சிட்டு கையால பிடிச்சுக்கிட்ட மாதிரி அமுங்கிடும். அதான் ஓங்கி மிதிச்சா வெறும் தொப்புன்னு கேக்குது.

முதல்ல பழகுற ஸ்டெப் ஷஃபிள். ஒரு கால்ல நின்னுக்கிட்டு இன்னொரு காலோட முன்பாதத்தால தரையை உரசி முன்னாடி வீசணும், திரும்ப பின்னாடி இழுக்கும்போது இன்னொரு தடவை உரசணும், ரெண்டு சத்தம். கணுக்கால் தொளதொளன்னு இருக்கணும், அதுதான் கஷ்டமே. பழக்கமில்லாத அசைவுன்னா கணுக்காலுக்கு முன்பக்கத் தசையும் பின்னாடி கெண்டைக்கால் தசையும் ஒரே நேரத்துல இறுகிக்கும், புதுசா எதைக் கத்துக்கிட்டாலும் உடம்பு முதல்ல இப்படித்தான் தன்னைப் பாதுகாத்துக்கும், ஆனா மூட்டு விறைச்சா ரெண்டு சத்தமும் ஒண்ணா ஒட்டிப் போயிடும். வேகத்தை விட்டுட்டு மெதுவா பண்ணப் பண்ண அந்த இறுக்கம் தானா விடும்.

அடுத்து ஃபிளாப். இதுலயும் ரெண்டு சத்தம்தான், முன்னாடி உரசுறதும் அதேதான், ஆனா ரெண்டாவது சத்தத்துல அந்தக் கால் மேலயே ஏறி நின்னுடணும். காதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், உடம்புக்கு சுத்தமா வேற. என்னைக் கேட்டா டாப்போட அடிப்படையே இங்கதான் இருக்கு, எந்தக் கால் எடையைச் சுமக்குது, எது சும்மா இருக்குன்னு ஒவ்வொரு நொடியும் தெரியணும், எடையை ரெண்டு கால்லயும் பாதி பாதியா விட்டு வெச்சா அடுத்த ஸ்டெப்புக்கு எந்தக் காலும் வராது. பால் சேஞ்ச் (ball change)ங்கிற ஸ்டெப் முழுக்க இந்த எடை மாத்தல்தான், பின்னாடி வெச்ச முன்பாதத்துல ஒரு கணம் நின்னு சட்டுன்னு முன்னாடி காலுக்கு வரணும். ஷஃபிளோட சேர்த்தா நாலு சத்தம், "அண்ட் ஒன் அண்ட் டூ"ன்னு எண்ணுவாங்க.

இந்தக் கலை பிறந்தது அமெரிக்காவுல, அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள்கிட்ட. 1739ல சவுத் கரோலினாவுல அவங்க எழுந்து போராடுன ஸ்டோனோ கிளர்ச்சி நடந்ததும், அடுத்த வருஷமே அங்க அவங்க மேளம் வெச்சிருக்கவே தடை போட்டாங்க, ஆனா தாளம் கையிலயும் கால்லயும் உயிரோட இருந்துச்சு. அதோட அயர்லாந்தோட ஜிக் நடனமும் இங்கிலாந்து கட்டைச் செருப்பு ஆட்டமும் கலந்துதான் டாப் உருவாச்சு. டாப் டான்ஸர் பில் ராபின்சன் பெரும்பாலும் முன்பாதத்துலயே நின்னு ஆடுனாரு, அதான் அவ்ளோ லேசா துல்லியமா கேக்கும். அப்புறம் ஜான் பபிள்ஸ்ங்கிற இன்னொரு டான்ஸர் குதிகாலை இறக்கி அடிச்சு பேஸ் மாதிரி கனமான சத்தங்களைக் கொண்டு வந்தாரு, ரெண்டு காலும் ஒரு முழு டிரம் செட் ஆயிடுச்சு. எனக்கு அவரோட வழிதான் ரொம்பப் பிடிக்கும்.

வீட்ல பழகுறவங்க டைல்ஸ், சிமெண்ட் தரையில நேரா ஆடாதீங்க, அது கொஞ்சம் கூட வளைஞ்சு குடுக்காது, அதிர்ச்சி முழுக்க முட்டிக்குத்தான் போகும். கீழ ரப்பர் மேட் விரிச்சு மேல ஒரு ப்ளைவுட் பலகை போட்டுக்கோங்க, ஷூ ஸ்க்ரூ லூஸாயிருக்கான்னும் அப்பப்போ பாத்துக்கோங்க, வெளியே நீட்டிக்கிட்டிருந்தா பலகையைக் கீறிடும்.