கயோட்டிக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

வட அமெரிக்காவின் ஓநாயினக் காட்டுவிலங்கான கயோட்டியைக் குளிர்காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல கனமான நாய் என்றுதான் தோன்றும். தோலை உரித்தால் உருவம் பாதியாகிவிடும், மீதியெல்லாம் மயிர். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வளர்ந்த கயோட்டியின் எடை பெரும்பாலும் 9 முதல் 16 கிலோ. இதயமும் நுரையீரலும் இருக்கும் நெஞ்சுப்பகுதி ஒரு காபி டபராவின் வாயளவுதான், சுமார் 10 சென்டிமீட்டர். துப்பாக்கி, தோட்டா, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எல்லாவற்றையும் இந்த டபராவை வைத்தே கணக்குப் போடவேண்டும்.

முதலில் துல்லியம். 100 கஜத்தில் ஒரு இஞ்சுக்குள் குண்டுகளைக் குவிக்கும் ரைஃபிள், 300 கஜத்தில் மூன்று இஞ்சுக்குள் (7.6 செ.மீ.) குவிக்கும். ஒன்றரை இஞ்ச் ரைஃபிள் அதே தூரத்தில் 11 செ.மீ. பரப்பும். டபரா நிறைந்துவிட்டது, காற்றுக்கும் கைநடுக்கத்துக்கும் மிச்சம் எதுவுமில்லை. அதுவும் மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டால் கிடைக்கும் அளவு. புதரோரம் சம்மணம் போட்டு, கவைக்கோலில் சாய்த்துச் சுடும்போது அது இன்னும் விரியும்.

அடுத்தது, போகும் வழியில் குண்டு கீழே விழும் அளவு. .223 ரெமிங்டன் தோட்டாவின் 55 க்ரெய்ன் குண்டு (3.56 கிராம்) வினாடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 கஜம் போக ஐந்தில் ஒரு வினாடி. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 20 செ.மீ. கீழே இழுத்துவிடும். அதனால்தான் குழலைப் பார்வைக்கோட்டுக்குக் கொஞ்சம் மேல்நோக்கி வைக்கிறோம். 200 கஜத்தில் சரியாகப் படும்படி ஸ்கோப்பைத் திருத்தினால், 100 கஜத்தில் ஒன்றரை இஞ்சுக்குள் மேலே படும்; 300 கஜத்தில் ஏழு இஞ்ச் (18 செ.மீ.) கீழே. ஆக 200 கஜத்தைச் சற்றுத் தாண்டும்வரை நெஞ்சின் நடுவில் குறிவைத்தால் போதும்.

காற்று இவ்வளவு நல்லபடியாக நடந்துகொள்ளாது. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக்காற்று அதே குண்டை 200 கஜத்தில் 10 செ.மீ., 300 கஜத்தில் 25 செ.மீ. தள்ளும். மேற்கு மாநிலமான வயோமிங்கின் சமவெளியில் அந்தக் காற்றைக் காற்று என்றே சொல்லமாட்டார்கள். குண்டு விழும் அளவையாவது அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். காற்றைப் புல் சாய்வதைப் பார்த்து ஊகிக்கத்தான் வேண்டும். தவறிய குண்டுகளில் பல இப்படிப் போனவைதான்.

இந்தக் கணக்கில் .22-250 ரெமிங்டன் முந்துகிறது: அதே எடைக் குண்டு, 3,680 அடி. 300 கஜத்தில் ஐந்து இஞ்ச்தான் விழும், காற்றும் குறைவாகத் தள்ளும். விலை வேறிடத்தில்: தோட்டா விலை கூடுதல், அதிக வெடிமருந்தின் சூட்டில் குழலின் தொண்டை (உள்பள்ளங்கள் தொடங்கும் இடம்) சீக்கிரம் தேயும். .243 வின்செஸ்டர் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் வேட்டைக்காரர் காப்பாற்ற நினைக்கும் தோலைக் கிழிக்கும். உதைப்பில் ஸ்கோப் துள்ளுவதால் குண்டு எங்கே பட்டது என்பதும் தெரியாமல் போகும். .17 ஹெச்.எம்.ஆர். என்ற சிறு தோட்டா அணிலுக்குச் சரி. குழல்வாயிலேயே அதற்கு .223-இன் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல்தான். காயத்தோடு ஓடவிடுவது வேட்டையல்ல. முயல் அலறல் ஒலியெழுப்பி அழைக்கும்போது கயோட்டி பெரும்பாலும் 150 கஜத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே புதியவருக்கு எங்கள் பதில் .223. மிச்சமாகும் பணத்தில் பயிற்சித் தோட்டா வாங்கட்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது குழலின் முறுக்கு. குழலுக்குள் இருக்கும் சுழல் பள்ளங்கள் எத்தனை இஞ்சில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றுகின்றன என்பதே அந்த எண். 1:9 என்றால் ஒன்பது இஞ்சுக்கு ஒரு சுற்று. 3,240 அடி வேகத்தில் அது நிமிடத்துக்கு 2,59,000 சுற்று. குண்டு நிலையாகப் பறக்க எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன் நீளம், எடையல்ல. 1879-இலேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதர் இதற்கு வாய்பாடு கொடுத்துவிட்டார். பழைய .22-250 குழல்கள் 1:14. அவற்றில் 75 க்ரெய்ன் நீளக்குண்டைப் போட்டால் தள்ளாடிப்போய் அட்டையில் பக்கவாட்டில் மோதும். வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் போல ஒரு கிழிசல் தெரியும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு: ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை போட்ட லேசான குண்டை 1:7 குழலில் வேகமாக விட்டால், சுழற்சி தாங்காமல் நடுவழியிலேயே சிதறலாம். குறி அட்டையில் ஓட்டையே இராது, காற்றில் சாம்பல் நிறப் புகைக்கீற்று மட்டும் தெரியும்.

கலிஃபோர்னியாவில் இந்த முறுக்குக் கணக்கு சட்டத்தோடும் சேர்ந்துகொண்டது. விட்டுச்சென்ற உடல்களில் கிடக்கும் ஈயத்துணுக்குகளைத் தின்று கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள் சாவதால், 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடும். எனவே 1:12, 1:14 குழல் வைத்திருப்பவர் செம்புக்குண்டில் எடையைக் குறைத்தாகவேண்டும்.

குண்டின் கட்டுமானத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் முனையும் மெல்லிய உறையும் உள்ளவை நெஞ்சுக்குள் புகுந்து உடையும். பெரும்பாலும் மறுபக்கம் துளை விழாது, தோல் தப்பும். ஆனால் தோள்பட்டை எலும்பில் பட்டால் மேலேயே சிதறி, பெரிய காயமும் ஆழமில்லாத துளையுமாகிவிடும். நேராக எதிரே வரும் விலங்குக்கு இது பொல்லாத குறை. முழு உலோக உறைக் குண்டு விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும். கல்லில் பட்டுத் தெறிக்கும். எதுவானாலும் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கவேண்டும். தவறிய குண்டு இரண்டு கி.மீ.க்கு மேலும் போகக்கூடியது.

ஏ.ஆர்-15 என்ற தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளை வாங்குபவர் குழலில் பொறித்திருப்பதைப் படிக்கவேண்டும். 5.56 ராணுவத் தோட்டா .223 அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) அப்படியே போய் உட்காரும். ஆனால் .223 அறையில் பள்ளம் தொடங்கும் இடம் நெருக்கமாக இருப்பதால் அழுத்தம் எகிறலாம். மறுதலை, .223 தோட்டாவை 5.56 அறையில் சுடுவது, பிரச்சினையில்லை. இரண்டையும் ஏற்க 'வைல்ட்' அறை என்று ஒன்றும் உண்டு.

ஸ்கோப் 3-9 மடங்கு போதும். காத்திருக்கும்போது 3-இலேயே இருக்கட்டும். 40 கஜத்தில் ஓடிவரும் கயோட்டியை 9 மடங்கில் தேடினால் மயிர் மட்டும்தான் தெரியும்.

தோல் நன்றாக இருப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூலையில் குறி திருத்திய ரைஃபிளை மைனஸ் 20 டிகிரியில் ஒருமுறை சுட்டுப்பார்ப்பது நல்லது. குளிரில் வெடிமருந்து மெதுவாக எரியும், காற்றின் அடர்த்தி கூடும், குண்டு தாழ்ந்து படும். அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டுக்குள் கிரீஸ் உறைந்தால், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி தளர்ந்து குத்தும், 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. கிரீஸை முழுக்கத் துடைத்து உலர விடுங்கள். குழல்வாயில் பனி அடையாமல் ஒரு துண்டு மின்கம்பி டேப் ஒட்டிவிடலாம். முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும், குறி மாறாது.