படபடப்புக்கு ஓர் ஒத்திகை

நான்கு மாடி விறுவிறுவென்று ஏறிவிட்டு, கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். நாடி தடதடக்கும், மூச்சு வாங்கும், உள்ளங்கை பிசுபிசுக்கும். நேர்முகத் தேர்வில் நம் பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன்பும் இதே கதைதான். உடற்பயிற்சி மன அழுத்தத்தைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த உடற்பயிற்சியே உடம்புக்கு ஓர் அழுத்தம்தான் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அழுத்தம் வந்ததும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டும். கொஞ்சம் பின்னால் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வரும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஓடு, இல்லையென்றால் எதிர்த்து நில் என்பதற்கான ஏற்பாடு இது. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே இதை விளக்கிவிட்டார். ஆனால் மேலதிகாரியின் மின்னஞ்சலைப் பார்த்து ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. கார்ட்டிசால் அளவு கூடினால் மூளை அதை உணர்ந்து 'போதும்' என்று சுரப்பை நிறுத்த வேண்டும். கவலை மாதக்கணக்கில் நீண்டால் இந்த பிரேக் தேய்ந்துபோகும்.

வேகமாக ஓடும்போதும் கார்ட்டிசால் ஏறத்தான் செய்கிறது. ஆனால் அரைமணி நேரத்தில் ஓட்டம் முடிந்துவிடும், அப்புறம் எல்லாம் இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் வாரத்தில் நாலைந்து முறை நடந்தால், பிரேக்கைப் பிடித்து விடும் பழக்கம் உடம்புக்கு வந்துவிடுகிறது. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடியும் வலுவாகிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2013-இல் சில எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டார்கள், சிலவற்றைச் சும்மா விட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் குளிர்ந்த நீரில் இறக்கினார்கள். சும்மா இருந்த எலிகளின் மூளையில், நினைவையும் பதற்றத்தையும் கவனிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் நரம்பணுக்கள் உடனே பரபரத்தன. ஓடிப் பழகியவற்றில் 'காபா' என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் அதிகம் சுரந்து அந்தப் பரபரப்பை அடக்கியது.

'உடம்பே தயாரிக்கும் வலிநீக்கியான எண்டார்பின் சுரக்கிறது, அதனால் சந்தோஷம்' என்பது பலருக்கும் தெரிந்த விளக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரத்தத்தில் ஓடும் எண்டார்பின் பெரிய மூலக்கூறு. மூளையைக் காக்கும் தடுப்பைச் சுலபமாகத் தாண்டாது. உடம்பு சுரக்கும் இன்னொரு பொருளான ஆனந்தமைடு தாண்டும். 1992-இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் நம் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்துதான் பெயரை எடுத்தார்கள். 2015-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், எண்டார்பின் போய் ஒட்டி வேலை செய்யும் இடங்களான ஏற்பிகளை அடைத்த பிறகும் ஓட்டம் தந்த நிம்மதி குறையவில்லை. ஆனந்தமைடின் ஏற்பிகளை அடைத்ததும் அது போய்விட்டது.

எனக்கு மிகப் பிடித்தது தசையின் வேலை. நீண்ட அழுத்தத்தில் கைனுரெனின் என்ற பொருள் ரத்தத்தில் கூடும். அது மூளைக்குள் புகுந்தால் மனச்சோர்வுக்கு வழிவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2014-இல் கண்டது இது: பயிற்சி பெற்ற தசையில் ஒரு வகை நொதி கூடுகிறது, அது கைனுரெனினை மூளைக்குள் நுழைய முடியாத அமிலமாக மாற்றிவிடுகிறது. தொடைத்தசை வடிகட்டியாகவும் வேலை பார்க்கும் என்று யார் நினைத்தார்கள்!

எவ்வளவு பயிற்சி? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. வேகமான நடையே போதும். ஓய்வில்லாமல் மிஞ்சிப் போனால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும்.

சரி, கழுத்தில் வைத்த விரலை இன்னும் எடுக்க வேண்டாம். இதயநோய் மருத்துவர்கள் டிரெட்மில் சோதனையில், ஓட்டத்தை நிறுத்திய முதல் நிமிடத்தில் நாடி எத்தனை துடிப்பு இறங்குகிறது என்றும் பார்ப்பார்கள். இன்று அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். இரண்டு மாதம் நடந்துவிட்டு, அதே படியில் மறுபடி எண்ணுங்கள்.