கீமோவுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன எங்க வெச்சிருக்கீங்க?

காசிமேட்டுல வலை பின்னுற அண்ணன் ஒருத்தர், ஸ்கேன் எடுக்க எங்ககிட்ட வந்தாரு. பெருங்குடல்ல கேன்சர், கல்லீரலுக்கும் பரவியிருந்திச்சு, கீமோ ஏத்தி முடிச்சாச்சு, இப்ப ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பாக்கச் சொல்லி சர்ஜன் அனுப்பியிருக்காரு. பழைய படம் எங்கண்ணான்னு கேட்டேன். "மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சுல்ல டாக்டரம்மா, ஃபிலிமெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, தூக்கிப் போட்டுட்டோம், அதான் இப்ப புதுசா எடுக்கப் போறோமே"ன்னாரு.

எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

குடல்லேர்ந்து வர்ற ரத்தம் நேரா கல்லீரலுக்குத்தான் போவுது, அதனால குடல் கேன்சர் பரவுனா பெரும்பாலும் மொதல்ல கல்லீரல்லதான் போய் உக்காரும். நாலாவது ஸ்டேஜ்னு கேட்டதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு வீடே இடிஞ்சு போயிடுது, ஆனா குடல் கேன்சர்ல அப்படி இல்லீங்க, கல்லீரல்ல இருக்கற கட்டிங்கள முழுசா எடுக்க முடிஞ்சா பல வருஷம் நல்லா இருக்கறவங்க இருக்காங்க, சிலருக்கு திரும்ப வராமலே போயிடுது. வெட்டுன பிறகு மிச்ச கல்லீரல் வளந்துக்கும், நல்ல கல்லீரல்னா 20 சதவீதம், கீமோ ஏத்துனதுன்னா 30 சதவீதமாவது மிச்சம் இருக்கணும், அத சி.டி. படத்துல நாங்க அளந்து சொல்லுவோம். பத்தலைன்னா எடுக்கப் போற பக்கத்துக்குப் போற ரத்தக்குழாய அடைச்சு விட்டு, சில வாரம் கழிச்சு மறுபக்கம் வளந்திருக்கான்னு திரும்ப ஸ்கேன் பண்ணிப் பாப்போம்.

சரி, பழைய படம் எதுக்கு? கீமோ நல்லா வேலை செஞ்சா சில கட்டி ஸ்கேன்லேர்ந்தே மறைஞ்சிடும். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா படத்துல காணோம்னா செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த எடத்துல உயிரோட செல் ஒளிஞ்சிருக்கறது ரொம்ப சாதாரணம், விட்டா திரும்ப தலைதூக்கும். அதனால மொதல்ல எங்கெங்க இருந்துச்சோ அந்த எடத்தையெல்லாம் சர்ஜன் பாத்து முடிவு பண்ணணும், அதுக்கு வழிகாட்டுறது கீமோவுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் மட்டும்தான். ரிப்போர்ட் பேப்பர்ல கல்லீரல்ல பல கட்டிகள்னு ஒரு வரி இருக்கும், அத வெச்சு யாரும் கத்தி வைக்க முடியாது.

இன்னொண்ணு, கீமோ ஏத்துனா சிலருக்கு கல்லீரல்ல கொழுப்பு சேரும், அப்ப சி.டி.ல சின்ன கட்டி கண்ணுக்குத் தெரியாம போயிடும், 1 சென்டிமீட்டருக்கும் கீழ இருக்கறத பிடிக்க கல்லீரலுக்குன்னே இருக்கற மருந்து போட்டு எடுக்குற எம்.ஆர்.ஐ. தான் நல்லது. பெட் ஸ்கேன் எடுத்தாச்சு ஒண்ணும் இல்லன்னு நிம்மதியா வர்றவங்களப் பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும், கீமோ முடிச்ச சூட்டுல எடுத்தா அது சின்ன கட்டிய விட்டுடும். கிட்னிக்கு ஆகாதுன்னு பயந்து, படம் தெளிவா தெரியறதுக்காகப் போடற மருந்து ஊசி வேணாம்னு சொல்லிட்டு சாதா சி.டி. எடுத்துட்டு வர்றாங்க, கல்லீரலுக்கு அது பத்தவே பத்தாது, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் டெஸ்ட் பாத்துட்டுதான போடறோம், சுகர் மாத்திரை எது சாப்பிடறீங்கன்னு மட்டும் மறைக்காம சொல்லுங்க.

காசு இல்லன்னு நின்னுடாதீங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல என்னென்ன வரும்னு கேளுங்க. நம்ம ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிலயே கல்லீரல் ஆபரேஷனுக்கு தனிப் பிரிவு இருக்கு.

அந்த அண்ணன் மொத ஸ்கேன் எடுத்த எடத்துக்கு நானே போன் பண்ணேன், நல்லவேளையா கம்ப்யூட்டர்ல படம் இருந்துச்சு, அவரு பொண்ணு அன்னிக்கே பஸ்ஸு புடிச்சு போய் டிஸ்க் வாங்கிட்டு வந்துச்சு. அதுல அஞ்சு கட்டி. புது சி.டி.ல ரெண்டுதான். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், காணாம போன மூணுல ரெண்டு அங்கேயேதான் இருந்துச்சு. அஞ்சாவது இருந்த எடத்தையும் குறிச்சு சர்ஜனுக்கு அனுப்பியிருக்கேன். பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டுக் கொடுத்து, பரண் மேல வைம்மான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பினேன்.