குமிழி நிற்கும் மதகு

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நுரையீரலில் சீழ் கட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவருடைய தங்கை மகனுக்கு, பத்து நாளாகியும் விலாவில் செருகிய குழாயின் பாட்டிலில் குமிழி நிற்கவில்லை. மறுபடி நெஞ்சைத் திறக்காமல் வாய் வழியாகவே அடைத்துப் பார்க்கலாம் என்கிறார்களாம் மருத்துவர்கள். பொத்தல் நுரையீரலின் வெளிப்புறத்தில் இருக்க, உள்ளிருந்து எப்படி அடைப்பது என்பது அவர் கேள்வி.

நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. பொத்தல் வழியே காற்று அங்கே கசிந்தால் அது சுருங்கிவிடும். அக்காற்றை வெளியேற்றத்தான் குழாய். அதன் மறுமுனை பாட்டிலிலுள்ள நீருக்குள் ஏறக்குறைய 2 செ.மீ. மூழ்கியிருப்பதால், போன காற்று திரும்பி வராது. பெரும்பாலான கசிவுகள் சில நாட்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். 5 முதல் 7 நாட்களுக்கு மேல் நீடித்தால்தான் கவலை, ஏனெனில் ஓடிக்கொண்டேயிருக்கும் காற்று புண்ணின் விளிம்புகளை ஒட்டவிடுவதில்லை.

வாய்க்கால் கரை உடைப்பெடுத்ததைப் பார்த்தவர்களுக்கு மீதி எளிதில் விளங்கும். பாய்ச்சல் நிற்காத உடைப்பில் எத்தனை மணல் மூட்டை போட்டாலும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதலில் தலைமதகை இறக்கி, தண்ணீர் வடிந்தபின் கரையைக் கட்டுவார்கள். காவிரியைப் போலவே கிளைத்துக் கிளைத்துப் பிரியும் மூச்சுக்குழாயிலும், பொத்தலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் கிளையின் தலைப்பை அடைத்தால் போதும், புண் ஆறிக்கொள்ளும்.

எந்தக் கிளை என்பதுதான் கேள்வி. வலப்புற நுரையீரலில் மட்டும் 3 மடல்கள், அவற்றுக்குள் 10 கூறுகள். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, ஒரு மடலின் தலைப்பில் சிறு பலூனை ஊதி அடைக்கிறார்கள். ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் மேசைக்குக் கீழே இருக்கும் பாட்டிலைப் பார்க்கிறார். ஏற்கெனவே தேங்கிய காற்று வடிய வேண்டுமாதலால் சில மூச்சுகள் காத்திருக்கிறார்கள். குமிழி நிற்காவிட்டால் பலூனைச் சுருக்கி அடுத்த மடலுக்குப் போகிறார்கள்; நின்றால் அதே மடலுக்குள் இறங்கி ஒவ்வொரு கூறாக அடைத்துப் பார்க்கிறார்கள். சளசளவென்று கொதித்துக்கொண்டிருந்த நீர், சரியான கிளை அடைபட்டதும் அடங்கி, மூச்சுக்கேற்பக் குழாயில் ஏறி இறங்க மட்டும் செய்யும். அத்தனை கருவிகள் நிறைந்த அறையில் விடை சொல்வது பாட்டில் தண்ணீர் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. பக்கத்துக் கூறுகளிலிருந்து நுண்துளைகள் வழியாகவும் காற்று வருமாதலால், சில நேரம் குமிழி குறையுமே தவிர நிற்காது. அப்போது இரண்டு மூன்று கிளைகளை அடைக்க நேரும்.

கிளை தெரிந்தபின் அதை அடைக்க, சிறிய கசிவென்றால் ஃபைப்ரின் பசை உண்டு: இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான ஃபைப்ரினோஜனும் த்ராம்பினும் தனித்தனியே சென்று, அந்த இடத்தில் கலந்ததும் உறைந்துவிடும். மற்றொன்று குடை போன்ற வால்வு. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுத்து, வடிகால் நீரை மட்டும் வெளியே விடும் நாகைப் பக்கத்து இயக்கு அணையைப் போல, அது காற்றை உள்ளே விடாது. சளியும் எஞ்சிய காற்றும் வெளியேற வழி விடும். ஏறக்குறைய 6 வாரம் கழித்து அதை எடுத்துவிடுவார்கள்.

ஆனால் இந்த வால்வுகள் பெரியவர்களுக்கென்று உருவானவை. குடை வால்வை ஏற்றிச் செல்லக் கேமராக் குழாயில் 2 மி.மீ. உள்துளையாவது வேண்டும், சிறு குழந்தைகளுக்கான 2.8 மி.மீ. குழாயில் இருப்பதோ 1.2 மி.மீ. தான். விற்பனை குறைவு என்பதால் நிறுவனங்கள் தயங்கும் இத்தகைய இடத்தில்தான் அரசின் ஆராய்ச்சி நிதி முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘காத்து கருப்பு’ பட்டிருக்கிறது, மந்திரிக்கக் கொண்டுபோக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அம்மா, பையனை வார்டைவிட்டு எங்கும் கொண்டுபோக விடாதீர்கள். அந்தப் பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கினால், அதிலுள்ள நீர் குழாய் வழியே பிள்ளையின் நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.