டைம் அவுட் என்றால் கெடு முடிவு

லினக்ஸ் கணினி சிலவேளை வேலை நடுவே அப்படியே உறைந்து நிற்கும், கணினியின் உள் பதிவுகளைக் காட்டும் dmesg கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 'ஃபெயில்ட் கமாண்ட்', 'டைம்அவுட்', 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று வரிவரியாக விழுந்து கிடக்கும். மட்டக்களப்பில் திருத்தக் கொடுத்தால் 'ஹார்ட் டிஸ்க் முடிஞ்சுது, புதுசு போடுங்க' என்றுதான் அனேகமாகச் சொல்வார்கள்.

இந்த 'டைம்அவுட்'டைத் தமிழில் 'காலாவதி' என்று எழுதுவதும் அதே நினைப்பைத்தான் தருகிறது. காலம், அவதி, அவதி என்றால் எல்லை, ஆகவே பொருளில் பிழையில்லை. ஆனால் மருந்துப் போத்தலில் பார்த்துப் பார்த்து, காலாவதி என்றாலே வீச வேண்டிய சாமான் என்றாகிவிட்டது.

ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள். கூடைப்பந்தில் ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் இடைவேளை ஒன்று, நம் கோர்ட்டில் தவணை கேட்பார்களே, கிட்டத்தட்ட அது. மற்றதை 2023 நவம்பர் 6 டெல்லியில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் ஏஞ்சலோ மத்தியூஸ் நமக்கெல்லாம் படிப்பித்துவிட்டார்: 2 நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ள ஆயத்தமில்லை, ஆட்டமிழப்பு. ஆளுக்கு ஒன்றுமில்லை, ஹெல்மெட் பட்டிதான் அறுந்தது.

கணினியில் வருவது இந்த இரண்டாவது பொருள்தான். லினக்ஸின் மைய நிரலான கேர்னல் ஒரு கட்டளையை ஹார்ட் டிஸ்க் என்ற தட்டுக்கு அனுப்பிவிட்டு வழக்கமாக 30 விநாடி பார்க்கும், பதில் இல்லையென்றால் இணைப்பை மீளத் தொடக்கும். தட்டோ, பழுதான ஒரு செக்டரை, அதாவது தன் சிறு துண்டொன்றை, வாசிக்க 2 நிமிடத்துக்கு மேலும் மினக்கெடக்கூடியது, கெடு வைத்த சங்கதி அதற்குத் தெரியாது. கடன்காரன் கெடு வைத்தான் என்கிறோமே, வைப்பவன் ஒருவன், மாட்டுப்படுபவன் வேறொருவன். அதனால் 'கெடு முடிவு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பதில் பிந்தியதற்குக் காரணம் வயராகவும் இருக்கலாம், பவர் சப்ளையாகவும் இருக்கலாம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுங்கள். அப்புறம் தட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா வயரைக் கழற்றி மாற்றிப் போடுங்கள், கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து உப்புக்காற்றுக்கு உலோகம் கறள் பிடிக்கும். மறுகா தட்டின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையைப் போட்டு 199 என்ற எண்ணுள்ள வரியைப் பாருங்கள், அது இணைப்பில் வந்த பிழைகளின் எண்ணிக்கை, பழைய எண் குறையாது, புதிதாக ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. ஏறினால் குற்றம் பெரும்பாலும் வயரில். 197, அதாவது வாசிக்க முடியாமல் கிடக்கும் செக்டர்களின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனால் அந்தக் கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி, புதுத் தட்டு வாங்க வேண்டிவரும்.