மூழ்கியவருக்கு முதலில் தேவை மூச்சு

நீரில் மூழ்கியவரைக் கரைக்குத் தூக்கி வந்ததும் நம் கடலோரத்தில் பெரும்பாலும் முதலில் நடப்பது, அவரைக் குப்புறக் கிடத்தி வயிற்றை அமுக்குவதுதான். குழந்தை என்றால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் என்னிடம் வரும் உறவினர்கள், "குடிச்ச தண்ணியை எல்லாம் எடுத்துட்டோம் டாக்டர்" என்று ஆறுதலோடு சொல்வதுண்டு. அதற்குச் செலவான நிமிடங்களை எண்ணித்தான் எனக்குக் கவலை.

அப்படி வெளியே வருவது வயிற்றில் இருந்த நீர். நுரையீரலுக்குள் போன நீர் பொதுவாகக் குறைவு. அதை அமுக்கி எடுக்கவும் முடியாது. மாறாக, வயிற்றில் கிடக்கும் உணவும் நீரும் தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். மாரடைப்பில் திடீரெனச் சாய்பவரின் ரத்தத்தில் ஓரளவு ஆக்சிஜன் எஞ்சியிருக்கும். மூழ்கியவருக்கோ ஆக்சிஜன் தீர்ந்துபோவதால்தான் இதயமே நிற்கிறது. மூச்சின்றி 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளை சேதமடையத் தொடங்கும் என்பதால், காற்றைத் தவிர வேறெதற்கும் அப்போது முதலிடம் இல்லை.

எனவே அவரை உறுதியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். அசைவில்லை என்றால் அருகில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, 10 வினாடிகளுக்குள் மூச்சைக் கவனியுங்கள். விட்டுவிட்டு வரும் கேவலை மூச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சில்லை என்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, மார்பு எழும் அளவுக்கு 5 முறை ஊதுங்கள். சில நாடுகளில் 2 முறை என்று கற்பிக்கிறார்கள், அதுவும் தவறல்ல. கைக்குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெல்ல ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தங்கள், 2 மூச்சுகள் என்று மாறி மாறித் தொடருங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழமும், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகமும் வேண்டும். குழந்தைகளுக்கு மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும்.

வாயில் நுரை பொங்கிக்கொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டிருக்காமல் ஊதுவதைத் தொடரலாம். வாந்தி வந்தால் மட்டும் உடலை ஒருக்களித்துத் திருப்பி, வாயைச் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். ஆழமில்லாத ஊருணியிலோ பாலத்தடியிலோ தலைகீழாகப் பாய்ந்தவர் என்றால், கழுத்தைத் திருகாமல் தாடையை மட்டும் முன்னோக்கி உயர்த்துங்கள்.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அருகில் நிற்கும் கடைக்காரரும் மீனவரும் வேன் ஓட்டுநரும்தான் மருத்துவர்கள். இந்தப் பயிற்சியை அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். இரண்டும் கூடும் அந்த முனையின் இழுப்பு, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தெரிவதில்லை. தத்தளிப்பவரைக் கண்டதும் நீங்களும் குதித்துவிடாதீர்கள். பதற்றத்தில் அவர் உங்களையும் பிடித்து அமுக்கிவிடுவார். கயிறோ, மூடிய காலி கேனோ, நீண்ட கழியோ கைக்கு எட்டினால் அதை நீட்டுங்கள்.

மூச்சு திரும்பியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த துணியால் போர்த்துங்கள். எழுந்து உட்கார்ந்து பேசுகிறார் என்பதற்காகத் தேநீர் வாங்கிக் கொடுத்து விடுதிக்கு அனுப்பிவிடக் கூடாது. உள்ளே போன சிறிதளவு நீர்கூட நுரையீரலின் காற்றறைகளைச் சுருங்கச் செய்துவிடுவதால், சில மணி நேரம் கழித்தும் இருமலும் மூச்சிரைப்பும் கூடலாம். மயங்கியவர், செயற்கை சுவாசம் பெற்றவர், இருமல் நிற்காதவர் ஆகியோரை மருத்துவமனையில் குறைந்தது 6 முதல் 8 மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும். அழைத்து வரும்போது, நீருக்குள் எத்தனை நிமிடம் இருந்தார், எப்போது முதல் மூச்சு கொடுக்கப்பட்டது, வலிப்பு நோயோ மதுப் பழக்கமோ உண்டா என்ற விவரங்களைத் தெரிந்த ஒருவர் கூடவே வந்தால் எங்கள் வேலை விரைவாகும்.