ஈரக் காற்று மேலேதான் போகும்

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாரிக்குக் கோழிக்கூட்டைச் சுற்றித் தறப்பாள் கட்டி, குளிர் படாமல்தான் வைத்திருக்கிறேன். பிறகும் ஏன் கோழிகளுக்குக் கண் கலங்கி மூக்கொழுகுது? விடியக் கூட்டைத் திறந்தால் எனக்கே கண் எரியுது." அயலில் நாவூறு என்கிறார்களாம், தேசிக்காயும் மிளகாயும் கட்டச் சொல்கிறார்களாம். கட்டுங்கோ, தறப்பாளை அவிழ்த்த பிறகு.

கண்ணை எரிப்பது அமோனியா. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தைப் பக்டீரியாக்கள் உடைப்பதால் வருவது. கூட்டின் நிலத்தில் பரப்பிய உமி நனைந்திருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். பத்து இலட்சம் பங்கு காற்றில் அமோனியா 25 பங்கைத் தாண்டக்கூடாது என்பது கோழி வளர்ப்பில் பொதுவான அளவு. அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் தள்ளிவிடும் நுண்மயிர்கள் பழுதாகும். அப்புறம் சளி வராமல் என்ன செய்யும்?

சரி, உமி ஏன் நனைகிறது? கூரை ஒழுகவில்லை என்றால் கோழிதான் காரணம். புது எச்சத்தில் முக்கால்வாசி தண்ணீர். மூச்சிலும் நீராவி போகிறது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஈரக் காற்று பாரமானது, கீழே தேங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் ஒரே கனவளவு வாயுவில், எந்த வாயுவானாலும், மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். இத்தாலிய விஞ்ஞானி அவகாதரோ 1811இல் சொன்னது. காற்றின் சராசரி மூலக்கூற்றுத் திணிவு 29, நீராவிக்கு 18. ஆகவே நீராவி நுழையும்போது பாரமானவை விலகி இலேசானவை வந்து உட்காருகின்றன. மாரி இரவில் வெளியே 24 பாகை, உள்ளே 28 பாகை என்று வைப்போம். சூட்டால் மட்டும் உள்காற்று ஏறத்தாழ 1.3 சதவீதம் இலேசாகிறது. ஈரம் அதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. கோழியின் உடம்பு 41 பாகைச் சூடு. அதாவது எந்தக் காற்றை வெளியேற்ற வேண்டுமோ, அதை மேலே தூக்கும் அடுப்பும் கூட்டுக்குள்ளேயே குந்தியிருக்கிறது! அமோனியாவும் இலேசுதான், திணிவு 17. கலந்த காற்றோடு அதுவும் ஏறும், முகட்டடியில் வழியிருந்தால். வழியை அடைத்தது தறப்பாள்.

மேலே வெளியேறக் கீழே காற்று நுழைய வேண்டும். இரண்டு திறப்புக்கும் இடையே உயரம் கூடினால் ஓட்டமும் கூடும். ஆனால் உயரத்தை இரட்டித்தால் ஓட்டம் 1.4 மடங்குதான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, காற்றே ஊடறுத்துப் போகும். கூட்டின் நீளப்பக்கத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் காலை மாலை வெயில் குறையும், சோளகமும் வாடையும் சாய்வாக நுழையும். தகரக் கூரை என்றால் மேலே கிடுகு போடுங்கள்.

விசிறி பூட்டிய பெரிய பண்ணைக்குக் கணக்கும் ஆராய்ச்சிப் பணமும் கிடைக்கிற அளவுக்குப் பத்துக் கோழி வளர்க்கிற முற்றத்துக்குக் கிடைப்பதில்லை என்பது என் குறை.

இப்போது செய்யவேண்டியது: வாடை அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தில் மட்டும், கோழி படுக்கும் தடிக்குக் கொஞ்சம் மேல்வரை தறப்பாள் போதும். மற்றப் பக்கங்களில் கீழேயும் இடம் விடுங்கள். இறகு காய்ந்திருந்தால் வளர்ந்த கோழியை வன்னிக் குளிர் ஒன்றும் செய்யாது. குஞ்சுகளின் கதை வேறு. முகட்டடியைத் திறந்தே விட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். பெரிய கண் என்றால் பாம்பு நுழைந்துவிடும். அமோனியா இன்னும் இருக்கிறதா என்று விடிய மணந்து பார்ப்பதை நின்றுகொண்டு செய்யாமல், கோழியின் மூக்கு உயரத்துக்குக் குந்தியிருந்து செய்யுங்கள்.